சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தீர்களா?

கால்ட்பாக்,
9 அக்டோபர் 2005

இல்கா யெஸ்ஸன் அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் பார்த்திராத ஆளிடமிருந்து ஒரு பொட்டலம் உலர்ந்த காளான் வந்தால் யாருக்கும் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும். பயப்படாதீர்கள். என் மனைவி ரெனாட்டே காட்டில் பறித்து, நூலில் கோத்து அடுப்புக்கு மேல் காயவைத்தது. நாங்களும் அதையேதான் சாப்பிடுகிறோம், உயிரோடுதான் இருக்கிறோம்.

ஒன்றரை வருடமாக உங்கள் குறிப்புப் பக்கங்களை வாசித்துவிட்டு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று ரெனாட்டே குத்திக்காட்டினாள். அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் விலாசத்தை, நாம் எல்லாரும் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் மடற்குழுவில் உங்கள் பெயருக்குக் கீழிருந்து எடுத்தேன்.

பள்ளியில் ஆசிரியர் அறையில் ரசாயனம் நடத்தும் நண்பர் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஃப்லென்ஸ்பூர்க்ல ஒரு பொண்ணு, இங்க நீ. நடுவுல அறுநூறு எழுநூறு கிலோமீட்டர். ரெண்டு பேரும் சேந்து என்னதான்யா பண்றீங்க?" என்றார். நான் சொன்னேன்: "வைஃபை கார்டு பண்ற கம்பெனி, கார்டை இயக்குற டிரைவர் புரோகிராமை மத்த கம்ப்யூட்டருக்குத்தான் தருது, லினக்ஸுக்குத் தரலை. அந்தம்மா கம்பெனியோட நிரலைப் பிரிச்சுப் போட்டு வாசிப்பாங்க. கார்டுகிட்ட எதை, எப்ப, எப்படிச் சொல்லணும்னு சொந்த வார்த்தையில ஒரு பொதுப் பக்கத்துல எழுதுவாங்க. நான் அந்தப் பக்கத்தை மட்டும் வாசிச்சுப் புதுசா ஒரு டிரைவர் எழுதுறேன். கம்பெனி நிரல்ல ஒரு வரியைக்கூட நான் பாக்கக் கூடாது. பாத்தா, நான் எழுதினது முழுக்கக் காப்பி ஆயிரும். அப்புறம் யாரும் அதைத் தொட மாட்டாங்க."

"அப்போ நடுவுல ஒரு சுவரு?"

"ஆமா, சுவருதான்."

"நாம ஒரு சுவரை இடிச்சு முழுசாப் பதினாறு வருஷம் ஆகலை. அதுக்குள்ள உனக்கு இன்னொண்ணு கேக்குதா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் காபி மேசையெல்லாம் சிந்திவிட்டது.

எங்கள் ஊருக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக வேகமான இணையம் வரவில்லை, வரப்போவதாகவும் தெரியவில்லை. அதனால் தீயணைப்பு நிலையத்துக் கோபுரத்தில், ஈரக் குழாய்களைக் காயப்போடும் இடத்துக்கு மேலே, ஒரு கணினியும் ஆன்டெனாவும் வைத்து ஊருக்குப் பங்கிடுகிறோம். அதில் இருப்பது இந்தக் கார்டுகள்தான். மலிவாகக் கிடைத்தது என்று ஊர்க்காரர்கள் ஒரு பெட்டி நிறைய வாங்கிவிட்டு, பிறகுதான் என்னைக் கேட்டார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. கார்டைப் பற்றிய பேச்சு எல்லாம் மடற்குழுவில், எல்லாரும் பார்க்க நடக்கட்டும். கடிதத்தில் மழை, காளான், மூட்டுவலி மட்டும்.

மரியாதையுடன்,
எக்கார்ட் லோசே


ஃப்லென்ஸ்பூர்க்,
17 அக்டோபர் 2005

அன்புள்ள லோசே அவர்களுக்கு,

காளான் தீர்ந்துவிட்டது! ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முட்டையோடு வதக்கினேன், சூப் வைத்தேன், கடைசியில் பொட்டலத்தின் அடியில் கிடந்த தூளை உருளைக்கிழங்கில் போட்டேன். ரெனாட்டே அவர்களுக்கு என் முழு மனதான நன்றி. பதிலுக்குப் புகைபோட்ட மீன் டப்பாக்கள் அனுப்புகிறேன். துறைமுகத்தில் நான் கப்பல் ரேடார்கள் பழுதுபார்க்கிற பட்டறைக்கு அடுத்த கடை. மீன் வாசனை என் சட்டையிலேயே இருக்கிறது. இந்தக் காகிதத்திலும் இருந்தால் மன்னிக்கவும்.

ஒரு புகார். மடற்குழுவில் எல்லாரும் எல்லாரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவோம். பதினெட்டு வயதுப் பையன் பேராசிரியரிடம் "நீ எழுதியது குப்பை" என்பான். நீங்கள் ஒருவர்தான் "தாங்கள் தயவுகூர்ந்து எட்டாம் பத்தியை விளக்க முடியுமா" என்று எழுதுவீர்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழுபது வயதாகிவிட்டதோ என்று கண்ணாடியைப் பார்க்கத் தோன்றும். முப்பத்திரண்டுதான் ஆகிறது.

நிபந்தனை எனக்கும் சம்மதம். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் மூன்று வாரமாக ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள், அதன் சாவி எங்கே என்று எனக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்க முடியாது. நான் செய்யக்கூடியதெல்லாம் பக்கத்தை இன்னும் தெளிவாக எழுதுவது ஒன்றுதான். எழுதிவிட்டு, உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று காத்திருப்பேன். பரீட்சை எழுதிய மாணவன் கதிதான், வாத்தியார் நீங்கள்.

நீங்கள் காளான் அனுப்பியதை மடற்குழுவில் பெருமையாகச் சொல்லிவிட்டேன். பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல்.

அன்புடன்,
இல்கா யெஸ்ஸன்


கால்ட்பாக்,
20 நவம்பர் 2005

இல்கா யெஸ்ஸன் அவர்களுக்கு,

மீனுக்கு நன்றி. பூனைக்கும் கொஞ்சம் கொடுத்தோம், இப்போது அது எங்கள் ஊர் உணவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இங்கே உறைபனி தொடங்கிவிட்டது. கோபுரத்தில் என்ன சிக்கல் என்பதை மடற்குழுவில் எழுதியிருக்கிறேன், இங்கே எழுத மாட்டேன். தீயணைப்புப் படைத் தலைவர் வெண்ட்லர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன், அது கார்டைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது.

நேற்றுக் காலை ரொட்டிக் கடை வரிசையில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "வாத்தியாரே, ராத்திரியெல்லாம் நல்லா ஓடுது. காலையில கோபுரத்து மேல வெயில் பட்டதும் உம்ம இன்டர்நெட் பொசுக்குனு செத்துப் போவுதே. அது என்ன, வெயில்ல உருகுற பனிப் பொம்மையா?"

கடைக்காரி, "ரெண்டு வருஷமா எழுதுறாரு, இன்னும் முடியலை. எங்க வீட்டுக்காரர் கட்டுற கோழிக் கூண்டு மாதிரி," என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் சிரிக்க முடியவில்லை.

ரெனாட்டேக்கு டிசம்பரில் இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை. வலியே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள் இப்போது மாடிப்படி ஏற என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். எனக்குக் கவலையாக இருக்கிறது. அதை அவளிடம் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

மரியாதையுடன்,
எக்கார்ட் லோசே


ஃப்லென்ஸ்பூர்க்,
8 டிசம்பர் 2005

அன்புள்ள லோசே அவர்களுக்கு,

முதலில், ரெனாட்டே எப்படி இருக்கிறார்கள்? அறுவை நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இந்தச் சமயத்தில் இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருப்பீர்கள், மடற்குழுவைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் நானே சொல்கிறேன். இதில் இருப்பதெல்லாம் அங்கே எல்லார் முன்னும் பேசியவைதான், ஆகவே விதி மீறவில்லை.

கோபுரத்துக் காலைச் சிக்கலை நீங்கள் தீர்த்துவிட்டீர்கள். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் நெதர்லாந்துக்காரன் யோஸ்ட் உங்கள் புது வரிகளை வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "அலைவரிசை விலகிவிடாமல் இருக்க, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கார்டைச் சுருதி சேர்க்க வேண்டும்" என்றுதான் என் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் டிரைவர் கடிகாரத்தையே பார்க்கவில்லை. கார்டின் சூட்டைப் பார்க்கிறது, சூடு மாறினால் மட்டும் சுருதி சேர்க்கிறது. கார்டுக்குள் சூட்டை எண்ணாக வைத்துச் சொல்லும் சின்ன அறை என்று ஒன்று இருப்பதாகவே என் பக்கத்தில் எங்கும் கிடையாது. "பக்கத்துலயே இல்லாத அறை அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" இதுதான் அவன் கேள்வி.

நான் உடனே போய்க் கம்பெனி நிரலை மறுபடி வாசித்தேன். அதுவும் சூட்டைத்தான் பார்க்கிறது, கடிகாரத்தை அல்ல. நான்தான் தப்பாக வாசித்திருக்கிறேன். இவ்வளவை மட்டும் மடற்குழுவில் ஒப்புக்கொண்டேன். அந்த அறையை அது என்ன செய்கிறது என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. இந்த விவகாரம் தீரும்வரை பக்கத்தைத் திருத்தவும் மாட்டேன்.

இப்போது நிலைமை இது. என் பக்கம் தப்பு, உங்கள் டிரைவர் சரி. சரியாக இருப்பதுதான் உங்கள் மேல் குற்றமாக நிற்கிறது. லினக்ஸில் வைஃபை பகுதியைக் கவனிப்பவர், சந்தேகம் தெளியாமல் உங்கள் டிரைவரைச் சேர்க்க முடியாது, ஜனவரிக் கடைசியில் முடிவு சொல்கிறேன் என்றுவிட்டார். நாம் இருவரும் காகிதத்தில் கடிதம் எழுதிக்கொள்வது வேறு எல்லாருக்கும் தெரியும், காளான் பெருமையை நான்தானே அடித்தேன். "காகிதத்துல என்ன பேசிக்கிட்டீங்க? எல்லாத்தையும் வெளியில போடுங்க," என்கிறார்கள்.

நான் கேட்டே ஆக வேண்டும். சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தீர்களா? வெண்ட்லரின் கேலி தாங்காமல், ரெனாட்டேயின் கவலையில், ஒரு நாள், ஒரே ஒரு முறை? பார்த்திருந்தால் என்னிடம் சொல்லிவிடுங்கள். கோபப்பட மாட்டேன்.

இல்கா


ஃப்லென்ஸ்பூர்க்,
12 டிசம்பர் 2005

அன்புள்ள லோசே அவர்களுக்கு,

போன கடிதத்தைப் பெட்டியில் போட்டு நாலு நாள் ஆகிறது. அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. பதில் வரும்வரை காத்திருப்பதுதான் முறை. ஆனால் பதில் வந்த பிறகு செய்தால் அதில் என்ன இருக்கிறது?

ஒன்றரை வருடமாக நீங்கள் மடற்குழுவில் கேட்ட கேள்விகளையெல்லாம் உட்கார்ந்து மறுபடி வாசித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், சில கேள்விகள் படு அசட்டுத்தனம். கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரைத் தடவிக்கொண்டே போகிற ஆள் மட்டும்தான் அப்படிக் கேட்க முடியும். அந்த ஆள் கடைசி நேரத்தில் கட்டை அவிழ்த்துவிட்டார் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இன்று காலை மடற்குழுவில் இப்படி எழுதினேன்: "எக்கார்ட் லோசே எட்டிப் பார்க்கவில்லை. ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. அவர் பார்த்தார் என்று தெரியவந்தால் நான் எழுதிய பக்கங்களையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். மற்ற கார்டுகளுக்கு எழுதியதையும்தான். அதன் பிறகு நான் எதற்கும் எழுத மாட்டேன்."

யோஸ்ட், "உனக்கு என்ன பைத்தியமா?" என்று ஒரு வரி போட்டான். என் ஆறு வருட உழைப்பு அது. பைத்தியம்தான் போலிருக்கிறது.

உங்களிடம் அப்படிக் கேட்டதற்கு வெட்கப்படுகிறேன். கேட்காமல் இருந்திருக்க வேண்டும்.

இல்கா


கால்ட்பாக்,
13 டிசம்பர் 2005

யெஸ்ஸன் அவர்களுக்கு,

உங்கள் எட்டாம் தேதிக் கடிதம் வந்தது. ரெனாட்டேயின் அறுவை முடிந்தது, நலமாக இருக்கிறாள். கேட்டதற்கு நன்றி.

நான் எட்டிப் பார்க்கவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மடற்குழுவிலும் இதே வார்த்தைகளில் இன்று போடுகிறேன். வெயில் பட்டதும் சாகிறது என்று வெண்ட்லர் சொன்னபோதே கடிகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பட்டது. கார்டுக்குள் எண் வைக்கும் சின்னச் சின்ன அறைகளில் பாதிக்கு மேல் உங்கள் பக்கத்தில் "பயன் தெரியவில்லை" என்று இருக்கிறது. அத்தனையையும் வரிசையாகத் திரையில் ஓடவிட்டேன். பிறகு ரெனாட்டேயின் தலைமுடி காயவைக்கும் கருவியை எடுத்துக் கார்டின் மேல் சூடாக ஊதினேன். மற்ற எண்கள் எல்லாம் சும்மா கிடந்தன, ஒன்று மட்டும் ஏறியது. ஜன்னலைத் திறந்தேன், இறங்கியது. அவ்வளவுதான். ரெனாட்டே ஈரத் தலையோடு வந்து நின்று, "எனக்குச் சளி பிடிச்சாலும் பரவாயில்லை, உங்க கார்டுக்குத் தலை காயணும், இல்ல?" என்றாள். எனக்கு இருக்கும் ஒரே சாட்சி அவள்தான். மனைவியின் சாட்சி எவ்வளவு செல்லும் என்று எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் அன்றே எழுதி வைத்திருக்க வேண்டும். "காலைச் சிக்கல் தீர்ந்தது" என்று ஒரே வரியில் குறிப்புப் போட்டேன். வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிற மாணவனுக்கு நான் பூஜ்யம்தான் போடுவேன். எனக்கும் அதுவே கிடைத்திருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடிதங்களை வெளியிட மாட்டேன். ரெனாட்டேயின் இடுப்பு எலும்பு உலகத்துக்கு எதற்கு? இந்த நாட்டின் இந்தக் கிழக்குப் பாதியில், ஒரு காலத்தில் என் கடிதங்களை அரசின் உளவு அலுவலகம் ஆவியில் காட்டிப் பிரித்து வாசித்தது. அந்தக் காலம் போய்விட்டது. இப்போது நானே பிரித்து நீட்ட மாட்டேன்.

யோஸ்ட் என்னைச் சந்தேகிக்கலாம், அவருக்கு என்னைத் தெரியாது. நீங்கள் கேட்டதுதான் வலிக்கிறது. அதிலும் அந்தக் "கோபப்பட மாட்டேன்". ஏழாம் வகுப்பில் திருடிய பையனிடம் நான் பேசும் குரல் அது. எனக்கு ஐம்பத்தேழு வயதாகிறது.

இந்த டிரைவரை இத்துடன் விட்டுவிடுகிறேன். உங்கள் பக்கங்களுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

எ. லோசே


கால்ட்பாக்,
17 டிசம்பர் 2005

அன்புள்ள இல்கா யெஸ்ஸன்,

நம் இரண்டு கடிதங்களும் எங்கோ நடுவழியில், பக்கத்துப் பக்கத்துப் பைகளில், ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது உங்களுக்கு வருமுன் திருப்பி வாங்க முடியுமா என்று தபால் அலுவலகத்தில் கேட்டேன். அந்தப் பெண், "ஒட்டினது ஒட்டினதுதான் சார்," என்றாள்.

உங்கள் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தை ரெனாட்டேக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். பக்கங்களை எடுத்துவிடுங்கள் என்று நீங்கள் எழுதிய இடம் வந்ததும் என்னால் தொடர முடியவில்லை. அவள் காகிதத்தைப் பிடுங்கித் தானே வாசித்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க வாய்க்கு வந்தபடி எழுதி அனுப்பிட்டீங்க. அந்தப் பொண்ணு தன் தலையைக் கொண்டுபோய் உங்களுக்காக வெச்சிருக்கு. இப்போ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்தா ஆச்சா?"

நான் டிரைவரை விடவில்லை. அந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள். மற்ற வரிகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுதியபோது உண்மையாகத்தான் எழுதினேன்.

இன்னொன்று. நம் வழக்கத்தில் வயதில் மூத்தவர்தான் இதை முதலில் சொல்ல வேண்டும், அதனால் நான் சொல்கிறேன். இனி நீ என்றே என்னைக் கூப்பிடு. நானும் அப்படியே எழுதுகிறேன். மடற்குழுவில் மட்டும் கொஞ்சம் அவகாசம் கொடு, அங்கே எனக்குக் கூச்சம்.

நல்ல கிறிஸ்துமஸ் அமையட்டும்.

எக்கார்ட்


ஃப்லென்ஸ்பூர்க்,
28 டிசம்பர் 2005

எக்கார்ட்,

நீ, நீ, நீ. பழகிப் பார்க்கிறேன்.

ஒட்டியது வந்து சேர்ந்தது. படித்து அழுதேன். சில நாளில், அதைத் திருப்பி வாங்கப் பார்த்தேன் என்று நீ எழுதியது வந்தது, அதற்கும் அழுதேன். என் அம்மா, "கம்ப்யூட்டர்ல யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். கோபப்பட மாட்டேன் என்று நான் எழுதியதைப் பற்றி நீ சொன்னது சரி. திருடனிடம் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது, திரும்பப் படித்துப் பார்த்தேன்.

முடி காயவைக்கும் கருவிக் கதையை மடற்குழுவில் பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பேர், நன்றாகக் கட்டிய கதை என்கிறார்கள். யோஸ்ட் கெட்டவன் இல்லை, ஒரு டிரைவரில் கறை இருந்தால் கம்பெனி வழக்குப் போட்டு எல்லாருடையதையும் இழுக்கும் என்று பயப்படுகிறான். அந்தப் பயம் நியாயம்தான். ஆதாரம் இல்லை என்பதுதான் நம் கஷ்டம்.

என்னிடம் உள்ளதைக் காட்டி உன்னைக் காப்பாற்ற வழி உண்டா என்று கம்பெனி நிரலையும் உன் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு நடையில்தான் இருக்கின்றன. "காப்பி அடிச்சுட்டு மாத்தி எழுதியிருக்கலாமே," என்று ஒரே வார்த்தையில் அதைத் தள்ளிவிடுவார்கள்.

முடிவு வரும்வரை உன் டிரைவர் ஒழுங்காக ஓடட்டும். அதில் யாரும் ஒரு பழுதும் சொல்ல முடியாதபடி பார்த்துக்கொள். நாம் இப்போது அதைத்தான் செய்ய முடியும்.

ரெனாட்டேயைக் கேட்டதாகச் சொல்.

இல்கா


கால்ட்பாக்,
24 ஜனவரி 2006

அன்புள்ள இல்கா,

ஒழுங்காக ஓடவில்லை.

நேற்று இங்கே மைனஸ் பத்தொன்பது. விடிந்தபோது ஊரில் ஒரு வீட்டுக்கும் இணையம் இல்லை. வெண்ட்லர் என் வீட்டுக் கதவைத் தட்டி, "வாத்தியாரே, இந்தத் தடவை வெயிலு மேல பழி போட முடியாது, வெயிலே இல்லை," என்றார். இருவரும் கோபுரத்தில் ஏறினோம். ஏணிக் கம்பியில் கையுறை ஒட்டிக்கொண்டது.

டிரைவர் எழுதி வைத்திருந்த பதிவைப் பார்த்தேன். குளிர் கூடக் கூட அந்தச் சூட்டு எண் குறைந்துகொண்டே வந்து பூஜ்யத்தைத் தொட்டிருக்கிறது. அதற்குக் கீழே போனதும், பின்னோக்கிச் சுற்றின மீட்டர் பூஜ்யத்துக்கு அடுத்து 999 காட்டுவது போல, சட்டென்று அறையில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண்ணாகிவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழேயும் எண் உண்டு என்று அந்த அறைக்குத் தெரியும், என் டிரைவருக்குத் தெரியவில்லை. அது கார்டு கொதிக்கிறது என்று நினைத்து, பயந்துபோய், எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. வெண்ட்லரிடம் சொன்னேன். மைனஸ் பத்தொன்பதில் தீயணைப்பு நிலையத்துக் கோபுரம் தீப்பிடித்துவிட்டதாக என் டிரைவர் நம்பியிருக்கிறது என்று. அந்த மனிதர் ஏணியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் எதிர்மறை எண் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். கார்டு வீட்டு ஜன்னலில் இருந்தபோது அவ்வளவு குளிர் வரவே இல்லை, நினைத்தே பார்க்கவில்லை.

வெண்ட்லர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இதை யாருக்கும் சொல்லாதீரும். முடிவு வர்ற வரைக்கும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கலாம். ஊருல ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான், நான் பொறுப்பு." நல்ல மனதோடுதான் சொன்னார். இன்னும் ஒரு வாரத்தில் முடிவு. பழுதுள்ள டிரைவர் என்று தெரிந்தால், சந்தேகமும் இருக்கும்போது, யார் சேர்ப்பார்கள்?

வீட்டுக்கு வந்து ரெனாட்டேயிடம் கேட்டேன். "வழியை எழுதலைன்னு பூஜ்யம் போடுறவர்தானே நீங்க," என்றாள்.

மடற்குழுவில் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். எத்தனை டிகிரி, என்ன எண், எந்த வரியில் தப்பு, எல்லாம். பதிவை அப்படியே ஒட்டினேன். இரண்டு வருட வேலை இதோடு போனாலும் போகட்டும். உன் பக்கங்களைப் பற்றித்தான் கவலையாக இருக்கிறது. நீ எனக்காகப் பணயம் வைத்தது அது. என்னை மன்னித்துக்கொள்.

எக்கார்ட்


ஃப்லென்ஸ்பூர்க்,
26 ஜனவரி 2006

எக்கார்ட்! எக்கார்ட்! எக்கார்ட்!

உன் கடிதம் இன்னும் வரவில்லை, மடற்குழுவில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நேற்றுப் பட்டறையில் உன் பதிவைத் திறந்தேன். அந்தப் பெரிய எண்ணைப் பார்த்ததும் கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் ரேடாரில் ஷாக் அடித்துவிட்டது என்று ஓடி வந்தார்.

உனக்கு இன்னும் புரியவில்லை, எப்படிப் புரியும், நீ கம்பெனி நிரலைப் பார்த்ததே இல்லையே! கம்பெனி நிரல் அந்த அறையைத் திறந்ததும் முதல் வேலையாகக் கவனிப்பதே இதைத்தான். பூஜ்யத்துக்குக் கீழே போனால் என்ன செய்வது என்பதுதான் அங்கே தலைவாசலில் நிற்கிறது. அதைத் தாண்டாமல் உள்ளே போகவே முடியாது. எட்டிப் பார்த்தவன் எதை விட்டாலும் அதை விட்டிருக்க மாட்டான். டிசம்பரில் இரண்டையும் வைத்துப் பார்த்தபோது எனக்கும் இது கண்ணில் படவில்லை. உன் வரியும் கீழே போவதைச் சமாளிக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன், கணக்கு வாத்தியார் ஆயிற்றே!

உனக்குச் சொல்வதற்கு முன்னாலேயே மடற்குழுவில் சொல்லிவிட்டேன், உன் டிரைவரின் பழுது பொதுவில் வந்துவிட்டதால் சொல்லலாம். யோஸ்டிடம் கம்பெனி நிரல் உண்டு, அவனும் என்னைப் போல நிரலை வாசிக்கிற தரப்புதான், தானே திறந்து பார்த்தான். பிறகு எழுதினான்: "நான் தப்பு. இதைப் பாத்த எவனும் இந்தத் தப்பைப் பண்ண முடியாது. லோசேகிட்ட மன்னிப்புக் கேக்குறேன். இல்காகிட்டயும்." அதற்குக் கீழே வைஃபை பகுதியைக் கவனிப்பவர் ஒரே வரி: "பழுதைச் சரிசெய்து அனுப்புங்கள், அடுத்த வெளியீட்டில் சேர்க்கிறேன்."

நீ இந்தப் பழுதை மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எப்படிச் சரிசெய்வது என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை திருத்துகிறேன், எல்லாரோடும் சேர்ந்து வாசி.

இல்கா


கால்ட்பாக்,
3 பிப்ரவரி 2006

அன்புள்ள இல்கா,

டிரைவர் சேர்ந்துவிட்டது. வெண்ட்லர் ரொட்டிக் கடையில், "நம்ம கோபுரம் தீப்பிடிச்சதாலதான் பாஸ் ஆச்சு," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைக்காரி எனக்கு ஒரு கேக் துண்டு இலவசமாகக் கொடுத்தாள், கோழிக் கூண்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

யோஸ்ட் எனக்குத் தனியாகவும் எழுதினார். நல்ல பையன். கோபமில்லை என்று பதில் போட்டேன். உண்மையாகவே இல்லை.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ கேட்ட அந்தக் கேள்விக்காக ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டுவிட்டாய். இனிக் கேட்காதே. நான் உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். ஆனால் பதில் வருவதற்கு முன்னால், கையில் ஒரு துரும்பு ஆதாரமும் இல்லாமல், என் ஆறு வருட உழைப்பை உனக்காகப் பணயம் வைத்திருப்பேனா என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். வைத்திருக்க மாட்டேன், இல்கா. பொறுத்துப் பார்ப்போம் என்றுதான் இருந்திருப்பேன். அதைத்தான் விவேகம் என்று முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பதிவு வந்த பிறகு எல்லாரும் என்னை நம்பினார்கள். சந்தோஷம்தான். ஆனால் டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலை என்னை நம்பிய ஆள் நீ ஒருத்திதான்.

ரெனாட்டே இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறாள். "அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க. காட்டுல இப்போ காளான் இல்லைன்னாலும் உலர்ந்தது இருக்கு," என்கிறாள். ஈஸ்டர் விடுமுறையில் வா. சுவர் அப்படியே இருக்கட்டும், அடுத்த கார்டுக்கும் நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எங்கள் வீட்டு மேசை நாலு பேர் உட்காரக்கூடியது, அதில் கார்டைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. பேச விஷயம் தீர்ந்துபோனால் ரெனாட்டே இருக்கிறாள், அவளுக்குத் தீராது.

எந்த ரயில் என்று எழுது. நிலையத்துக்கு நானே வருகிறேன்.

எக்கார்ட்